ஆர்பி சர்வரில் முன்பின் தெரியாதவர்களுக்குப் பெயரைக் காட்டாமல் இருப்பது எப்படி

ஆர்பி, அதாவது ஒரு கேரக்டராகவே நடித்து ஆடும் ரோல்பிளே சர்வர் ஒன்று. ஜிடிஏ 5 ஊரின் லெஜியன் ஸ்கொயர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கேரக்டர் அவரை இதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் தலைக்கு மேல் கார்த்திக் செல்வம் என்று வெள்ளை எழுத்தில் மிதக்கிறது, பக்கத்தில் 37 என்று ஓர் எண் வேறு. இதற்கு மேல் நீங்கள் போய் "அண்ணே, உங்க பேரு?" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சிரிப்புதான் வரும். ஒரு மணி நேரம் கழித்து அதே ஆள் முகமூடி மாட்டிக்கொண்டு ஃப்ளீக்கா வங்கிக்குள் நுழைந்தாலும் அந்த 37 கூடவே வரும், யாரென்று ஊருக்கே தெரியும், ஆனால் எல்லோரும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்து ஜிடிஏ 5-ஐச் சொந்த சர்வரில் ஆட வைக்கும் ஃபைவ்எம்மில் சர்வர் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய சான் ஆண்ட்ரியாஸ் சர்வர், ரெட்எம், கேரிஸ் மாட் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். கோடு எழுதிக் காட்டப் போவதில்லை. என்ன செய்ய வேண்டும், பெயர் எங்கே ஒழுகும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஸ்கிரிப்ட் தெரிந்தவர் ஒருவர் உங்கள் டீமில் இருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். தலைக்கு மேல் இருக்கும் பெயரை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது கால்வாசி வேலைகூட இல்லை. எல்லோருக்கும் பெயரை மறைத்தால் நேற்று முழுக்கச் சேர்ந்து சுற்றிய நண்பனும் இன்றைக்கு யாரோ ஒருவன் ஆகிவிடுவான், எல்லோருக்கும் காட்டினால் முதலில் சொன்ன கூத்து. எனவே உங்கள் சர்வர் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கேரக்டருக்கு அந்தக் கேரக்டரைத் தெரியுமா, தெரியும் என்றால் என்ன பெயரில் தெரியும் என்பதுதான். அதற்குப் பதில் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 என்று மேலிருந்து பார்த்து ஆடும் பழைய ஆட்டம் ஒன்று உண்டு, கிராஃபிக்ஸைப் பார்த்தால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஆனால் அடையாளம் என்ற விஷயத்தை அதைப் போல யோசித்த ஆட்டம் குறைவு. அதில் உங்கள் பெயர் முகத்திலிருந்தும் நீங்கள் மாட்டியிருக்கும் அடையாள அட்டையிலிருந்தும் வருகிறது. முகத்தை மூடி அட்டையையும் கழற்றிவிட்டால் மற்றவர்களுக்கு அன்நோன் என்று மட்டும் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு இன்னொருவருடைய அட்டையை மாட்டினால் அந்த இன்னொருவரின் பெயர்தான் வரும். முகம் திறந்திருக்கிறது, அட்டை மட்டும் வேறு ஆளுடையது என்றால் இரண்டு பெயரும் சேர்ந்து வந்து மாட்டிவிடும். கேரிஸ் மாடில் ஹெலிக்ஸ், நட்ஸ்கிரிப்ட் என்ற ஆர்பி கட்டமைப்புகளில் ரெகக்னிஷன் என்றே ஒரு பிளகின் இருக்கிறது: அறிமுகமாகாத ஆளின் பெயருக்குப் பதிலாக அவர் கேரக்டர் உருவாக்கும்போது எழுதிய தோற்ற வர்ணனை தெரியும், அவர் கிசுகிசு தூரம், பேச்சு தூரம், கத்தும் தூரம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அந்த வட்டத்துக்குள் நிற்பவர்களுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளலாம். எழுத்தால் மட்டுமே ஆடும் மட் உலகத்தில் இது இன்னும் பழசு. இன்றைக்கு பைத்தானில் மட் எழுத உதவும் எவெனியாவில்கூட, சின்ன வர்ணனையும் நீங்கள் அந்த ஆளுக்கு வைத்துக்கொள்ளும் சொந்தப் பெயரும் சேர்ந்த ஆர்பி தொகுப்பு தயாராக இருக்கிறது.

சரி, நம் சர்வருக்கு வருவோம்.

மூன்று பெயர்களைப் பிரியுங்கள்

ஃபைவ்எம்மில் ஓர் ஆளுக்கு மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று, அவருடைய கணக்குப் பெயர், பெரும்பாலும் ஸ்டீமில் இருந்து வருவது. இரண்டு, கேரக்டர் பெயர், ஈஎஸ்எக்ஸ், கியூபிகோர் என்ற ஆர்பி கட்டமைப்புகளில் எதுவென்றாலும் டேட்டாபேஸில் இருப்பது. மூன்று, சர்வர் எண், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் புதிதாகக் கிடைப்பது. ஒரு ஸ்கிரிப்ட் சாதாரணமாக ஆளின் பெயரைக் கேட்டால் கிடைப்பது கணக்குப் பெயர், கேரக்டர் பெயர் அல்ல. பல பழைய ஸ்கிரிப்டுகள் அந்தக் கணக்குப் பெயரையே திரையில் கொட்டும். அதனால் உங்கள் ரிசோர்ஸ் (சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் தொகுப்பு) கோப்புகள் முழுவதிலும் பெயரை எடுக்கும் இடங்களைத் தேடி ஒரு பட்டியல் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

யாருக்கு யாரைத் தெரியும்: ஒரே ஒரு டேபிள்

டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். அறிந்தவரின் கேரக்டர் ஐடி, அறியப்பட்டவரின் கேரக்டர் ஐடி, எந்தப் பெயரில் தெரியும், எப்போது தெரிந்தது. முதல் இரண்டும் சேர்ந்து சாவி. சர்வர் எண்ணை இங்கே வைக்கவே கூடாது, வெளியே போய் மீண்டும் வந்தால் அது மாறிவிடும்.

இது ஒருவழி என்பது முக்கியம். நான் உங்களிடம் பெயரைச் சொன்னேன், நீங்கள் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்றால் உங்களுக்கு என்னைத் தெரியும், எனக்கு உங்களைத் தெரியாது. பெயர் என்ற அந்தக் கட்டத்தில் உண்மைப் பெயரை இழுத்துப் போடாமல், சொன்ன பெயரைப் போடுங்கள். அப்போதுதான் ஒருவன் ஊரில் பாதிப் பேருக்கு சேகர், மீதிப் பேருக்கு டேவிட் என்று திரிய முடியும், அதில் இருக்கும் கதை வேறெதிலும் வராது. டேபிள் பெருத்துவிடுமோ என்று பயம் வேண்டாம். 500 கேரக்டர்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்றாலே 2,49,500 வரிகள்தான், மைஎஸ்கியூஎல்லுக்கு அது ஒரு சுமையே இல்லை.

இன்னொன்று, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. தெரியாத பெயரை ஆட்டக்காரரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். எல்லாப் பெயரையும் அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் காட்டாமல் மறைப்பது சுலபம், ஆனால் மாட் மெனு என்ற ஏமாற்று மென்பொருளை வைத்திருப்பவன் அதை அப்படியே படித்துக்கொள்வான். குறிப்பாக ஸ்டேட் பேக்கில், அதாவது ஆளோடு ஒட்டி வைக்கும் தகவல் பையில், கேரக்டர் பெயரை வைத்து ரெப்ளிகேட் செய்திருந்தால் அது மற்றவர்களின் கிளையண்டுக்கும் போய்விடும். ஒருவர் உள்ளே வரும்போது அவருக்குத் தெரிந்தவர்களின் பெயரை மட்டும் சர்வர் அவருக்கு அனுப்பட்டும்.

திரையில் என்ன காட்டுவது

வரிசை இப்படி இருக்கட்டும். முகம் மூடியிருந்தால் முகமூடி அணிந்தவர். முகம் தெரிகிறது, பார்ப்பவருக்கு ஆளைத் தெரியும் என்றால் அந்தப் பெயர். முகம் தெரிகிறது, ஆளைத் தெரியாது என்றால் ஒரு சின்ன வர்ணனை. வர்ணனையை ஆட்டக்காரரே எழுதட்டும், 40 எழுத்துக்கு மேல் போக விடாதீர்கள். "ஒல்லியான, தாடி வைத்த, முப்பது வயது மதிக்கத்தக்கவர்" என்பது வர்ணனை. "கண்ணில் ஆயிரம் சோகம் சுமப்பவர்" என்பது வர்ணனை இல்லை, அதை நிராகரித்துவிடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியது மட்டும் என்று ஒரு விதி வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

எப்போதும் மிதக்க விடாமல் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் தெரியுமாறு வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுத்து வரைந்துகொண்டே இருந்தால் எந்த ரிசோர்ஸ் எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் ரெஸ்மானில் அந்த ரிசோர்ஸ் மேலே ஏறி நிற்கும், பட்டன் முறையில் அந்தச் சுமையும் குறையும். தூரம் எட்டு, பத்து மீட்டருக்குள் இருக்கட்டும். பார்வைக்கோடு இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருப்பவனின் வர்ணனை சுவரைத் தாண்டி மிதக்கும், அது பெயர் தெரிவதைவிட மோசம்.

முகமூடி

ஜிடிஏ 5-இல் உடையின் கம்போனன்ட் வரிசையில் 1 என்பது முகமூடிக்கானது. அது பூஜ்யமாக இல்லையென்றால் முகமூடி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள். அந்த இடத்தில் வரும் எல்லாமே முகத்தை மறைப்பதில்லை, கூடுதலாக நீங்கள் சேர்த்த உடைகளில் தாடியும் சங்கிலியும்கூட அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். முழு ஹெல்மெட் இந்த வரிசையிலேயே வராது, அது ப்ராப் (உடைமேல் தனியாக மாட்டும் பொருள்) வகையில் 0, தொப்பிகளோடு சேர்ந்தது. எனவே எந்தெந்த எண் முகத்தை மறைக்கிறது என்று ஒரு பட்டியலை நீங்களே போட வேண்டும். ஒரு மாலை நேரம் துணிக்கடையில் நின்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் முடிந்துவிடும்.

அடுத்தது எண். பல சர்வர்களில் பெயரை மறைத்துவிட்டு, விதிமீறலைப் புகார் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று சர்வர் எண்ணை மட்டும் தலைமேல் விட்டுவிடுவார்கள். அது பெயரை எழுதி ஒட்டியதற்குச் சமம். முகமூடி போடும் முன்னும் 37, போட்ட பின்னும் 37. தவிர, பல சர்வர்களில் முகவரியோடு பிளேயர்ஸ் டாட் ஜேசன் என்று சேர்த்து பிரவுசரில் திறந்தால் எந்த எண் எந்தக் கணக்குப் பெயர் என்று அப்படியே வந்துவிடும், ஆட்டத்துக்குள் வரக்கூடத் தேவையில்லை.

அதற்கு வழி, ஒவ்வொரு முறை முகமூடி மாட்டும்போதும் சர்வர் ஒரு புது எண்ணைத் தற்செயலாகக் கொடுப்பது. முகமூடி 4821 என்று தெரியட்டும். கழற்றி மீண்டும் மாட்டினால் வேறு எண். எந்த எண் எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று சர்வர் லாகில் பதிவாகட்டும். காரணமே இல்லாமல் யாராவது உங்களைச் சுட்டுவிட்டால் அட்மினிடம் "முகமூடி 4821, ராத்திரி பத்தே கால்" என்று சொன்னால் போதும், ஆள் கிடைத்துவிடுவார். கழற்றி மாட்டி எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்காக இரண்டு நிமிடம் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒழுகும் இடங்கள்

நேரம் அதிகம் போவது இங்கேதான். கொள்ளை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். வங்கிக்குள் மூன்று முகமூடிகள், வெளியே போலீஸ். உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்கு நெட் போய்விடுகிறது. சாட்டில் எல்லோருக்கும் ஒரு வரி வருகிறது, இன்னார் வெளியேறினார் என்று. மூன்று முகமூடி இரண்டாகிவிட்டது, பெயரும் வந்துவிட்டது, இனி எந்த போலீஸ்காரருக்கும் அதை மறப்பது கஷ்டம். டீஃபால்ட் சாட் ரிசோர்ஸில் இதற்கென்றே இரண்டு கான்வார், அதாவது சர்வர் செட்டிங், உண்டு, உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியேறுவதற்கு ஒன்று, சர்வர் கான்ஃபிக் கோப்பில் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

யாரை யார் கொன்றார் என்று மூலையில் ஓடும் செய்தியும் அப்படித்தான், தூக்கிவிடுங்கள், ஆர்பி சர்வரில் அதற்கு வேலையே இல்லை. ஸ்கோர்போர்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை போலீஸ், எத்தனை மருத்துவர் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும்.

கேரக்டர் என்ன செய்கிறது என்பதை எழுத்தில் காட்டும் மீ, டூ கட்டளைகள் இன்னொரு பெரிய ஓட்டை. முகமூடிக்காரர் "துப்பாக்கியை இடுப்பில் சொருகுகிறார்" என்று தட்டினால் அந்த வரிக்கு முன்னால் கேரக்டர் பெயர் அச்சாகி வரும். இந்த வரியை ஒரே வாக்கியமாக எல்லோருக்கும் அனுப்பக் கூடாது. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவருக்குத் தெரிந்த பெயரை வைத்துத் தனியாக அனுப்ப வேண்டும். இருபது பேர் நின்றால் இருபது முறை, பரவாயில்லை, சர்வர் தாங்கும்.

இன்வெண்டரியிலிருந்து பொருள் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களின் பட்டியல் வரும், அதில் பெயர்கள் வரிசையாக நிற்கும். வங்கி ஆப்பில் பணம் அனுப்பினால் பெறுபவர் பெயர், பில் போட்டால் வாங்குபவர் பெயர், கீழே கிடப்பவரை மருத்துவர் தூக்கும்போது நோயாளி பெயர், வண்டியைப் பூட்டினால் உரிமையாளர் பெயர் என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தன் பங்குக்கு ஒழுகும். இதில் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் கணக்கு வைத்தவரின் பெயர் ரசீதில் இருப்பது நியாயம்தான், துப்பறிபவருக்கு அது ஒரு தடயம். நம்பர் பிளேட்டை போலீஸ் கம்ப்யூட்டரில் தட்டினால் பெயர் வருவதும் சரியே. பக்கத்தில் நிற்பதாலேயே பெயர் தெரிந்துவிடுவதைத்தான் அடைக்க வேண்டும். பட்டியல்களில் பெயரை எடுத்துவிட்டு, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் டார்கெட் கண் முறைக்கு மாற்றிவிட்டால் ஒரே அடியில் பல இடம் அடைபடும்.

ஆட்டத்துக்கு வெளியே டிஸ்கார்ட். கேரக்டர் பெயரையே நிக்நேமாக வைக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டு, குரல் அறையில் பச்சை வட்டம் மின்ன மின்ன ஆட விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

குரலை மறைக்க உங்களால் முடியாது. முகமூடி போட்டாலும் மதுரைப் பேச்சு மதுரைப் பேச்சுதான், சர்வரில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர் ஒரே ஒருவர்தான் என்றால் அவர் வாயைத் திறந்த நொடியே கதை முடிந்தது. எனவே இதற்கு ஸ்கிரிப்ட் தேடாமல் விதி எழுதுங்கள். என் கருத்து: குரலை வைத்துச் சந்தேகப்படலாம், ஆனால் குரலை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது, உடை, வண்டி, கைரேகை என்று இன்னொன்று துணைக்கு வேண்டும். வேறு மாதிரியும் வைக்கலாம், ஆனால் எழுதி வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு அட்மினும் ஒவ்வொரு தீர்ப்பு சொல்வதுதான் சண்டையைக் கிளப்பும்.

அறிமுகம் எப்படி நடக்க வேண்டும்

வாயால் சொன்ன பெயரை ஸ்கிரிப்ட் கேட்காது, எனவே ஒரு செயல் வேண்டும். எதிரில் நிற்பவரை டார்கெட் செய்தால் அறிமுகம் செய்துகொள் என்று ஒரு தேர்வு, மூன்று மீட்டருக்குள் மட்டும். அதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி, அதில் என்ன பெயர் சொல்கிறீர்கள் என்று தட்டலாம், உண்மைப் பெயர் முன்பே நிரம்பியிருக்கும். "வணக்கம்ணே, நான் முருகன், டாக்ஸி ஓட்டுறேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினால் கைகுலுக்கும் அனிமேஷன் ஓடும், எதிராளிக்கு முருகன் என்று பதிவாகும். எதிராளியிடம் சம்மதம் கேட்கும் பெட்டி வேண்டாம், யாராவது பெயர் சொன்னால் காதில் விழத்தான் செய்யும்.

அடையாள அட்டையைக் காட்டினால் அட்டையில் இருக்கும் பெயர் பதிவாகட்டும். போலி அட்டை என்றால் போலிப் பெயர். போலீஸ் சோதனையில் அட்டை கிடைத்தாலும் அப்படியே.

இன்னொரு வசதியை விட்டுவிடாதீர்கள்: பெயர் தெரியாத ஆளுக்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொள்வது. பச்சை ஜாக்கெட், பர்கர் கடைத் தம்பி, கடன்காரன் என்று. எதிராளிக்கு இது தெரியாது. உண்மையில் தமிழ் சர்வர்களில் பெயர் தெரியாமலே வெகுதூரம் ஓட்டிவிடலாம், அண்ணே, தம்பி, அக்கா, ப்ரோ, தலைவா என்று கூப்பிட்டே ஒரு மாதம் பழகிவிட்டுக் கடைசியில் பெயர் கேட்பவர்கள் உண்டு, அந்த இடத்தில் இந்தச் சொந்தப் பெயர் வசதி நன்றாகக் கைகொடுக்கும்.

அட்மின்களுக்கு எல்லாப் பெயரும் தெரிய வேண்டும், ஆனால் டியூட்டியில் இருக்கும்போது மட்டும். ஃபைவ்எம் சர்வரை நிர்வகிக்கும் டிஎக்ஸ்அட்மின் மெனுவில் ஆட்களின் எண்ணைத் தலைமேல் காட்டும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அட்மினும் ஒரு கேரக்டரை வைத்து ஆடுபவர் என்றால் அதை எப்போது போட்டார், எப்போது அணைத்தார் என்பது லாகில் விழட்டும்.

சர்வர் நடத்தாமல் ஆடுபவர் மட்டும் என்றால் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். கணக்குப் பெயரில் கேரக்டர் பெயரை வைக்காதீர்கள். ஸ்ட்ரீம் செய்தால் சில நிமிடம் தாமதம் வையுங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 போன்ற ஆட்டங்களில் பெயர்களை மறைக்கும் செட்டிங் இருக்கிறது, இரண்டாவதில் மற்றவர் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கவும் முடியும், ஆனால் அதெல்லாம் உங்கள் திரையில் மட்டும். உங்கள் பெயரை மற்றவர் பார்ப்பதை அது தடுக்காது.

ஏற்கெனவே ஓடும் சர்வரில் இதைப் போடுவதென்றால்

ஒருநாள் காலையில் திடீரென்று போட்டால் எல்லோரும் எல்லோரையும் மறந்த ஊராகிவிடும், புகார் டிக்கெட் குவியும். போடும் முன் டேபிளைக் கொஞ்சம் நிரப்பிவிடுங்கள். ஒரே கேங்கில் இருப்பவர்கள், ஒரே வேலையில் இருப்பவர்கள், ஃபோன் கான்டாக்டில் ஒருவரையொருவர் சேமித்து வைத்திருப்பவர்கள், இந்த மூன்றையும் வைத்துத் தானாகவே வரிகளைப் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஃபோன் கான்டாக்டில் அவர் என்ன பெயரில் சேமித்திருக்கிறாரோ அதே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை அவர்களே நேரில் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். முதல் வாரம் அறிமுகத் தூரத்தை மூன்றிலிருந்து பத்து மீட்டராக்கி, ஒரே நேரத்தில் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் சொல்லும்படி வைத்தால் கூட்டம் கூடும் இடங்களில் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கப்புறம் பழையபடி குறைத்துவிடுங்கள்.